அண்ணிக்குப் பரீட்சை, குழந்தைக்குப் பரங்கிக்காய்

காவலூர் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்த ஒரு வெள்ளைக் காரைப் பார்த்தபோதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. தொலைநோக்கி பார்க்க வந்த குடும்பம். பின் இருக்கையில் ஒரு இளம் தாய், மடியில் ஒரு குழந்தை, குழந்தையின் வாயில் ஷாம்பு பாக்கெட் மாதிரி ஏதோ ஒன்று. பதறிப்போய்க் கிட்டே போனேன். ஷாம்பு இல்லை. பாக்கெட்டின் மேல் பரங்கிக்காய் படம் போட்டிருந்தது. குழந்தை உறிஞ்ச உறிஞ்ச மஞ்சளாக ஒரு கூழ் இறங்கிக்கொண்டிருந்தது.

"இது என்னங்க?"

"பம்ப்கின் ப்யூரி. ஆறு மாசம் முடிஞ்சா குடுக்கலாம். வெளிநாட்டுல இருந்து வரவழைக்கிறோம்" என்றார் அந்தப் பெண், கண்ணாடியைப் பாதி இறக்கியபடி.

அந்தக் காரிலிருந்து பத்தடி தள்ளி, வேலியோரம் கேட்பாரில்லாமல் மூன்று பரங்கிக்காய்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்குப் பாஸ்போர்ட் இல்லை, அவ்வளவுதான் குறை.

பேருந்து எங்கள் மலையூருக்கு வந்து சேர்வதற்குள் முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்ய எனக்கு நேரமே ஆகாது. செய்து முடிக்கத்தான் ஆகும்.

காரணம் இல்லாமல் இல்லை. என் அண்ணி கல்யாணத்துக்கு முன்பே அஞ்சல் வழியில் பி.ஏ. சேர்ந்தவள். இரண்டு தாள்தான் பாக்கி. கல்யாணம் ஒரு பரீட்சையை விழுங்கியது, மசக்கை அடுத்ததை, பிரசவம் அதற்கும் அடுத்ததை. இந்த முறையும் எழுதாவிட்டால் பதிவே ரத்து. வேண்டுமானால் முதல் வருடத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்று பல்கலைக்கழகம் மிகுந்த கருணையோடு கடிதம் போட்டிருந்தது. தேர்வு மையம் செங்கத்தில். விடிகாலையில் முதல் பேருந்துக்கு இறங்கினால், வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும்.

அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை என் அண்ணன் மகன் எப்படிக் கழிப்பான் என்பதுதான் கேள்வி. ஆறு மாதம் முடிந்தவன். தாய்ப்பாலைத் தவிர எதையும் வாங்க மாட்டான். கறந்து வைத்த பாலைப் பாலாடையில் எடுத்துக் கொடுத்தால் கொடுப்பவர் முகத்திலேயே துப்புவான். அங்கன்வாடி சத்துமாவைக் கரைத்துக் காட்டினால் தையல் போட்டது போல உதட்டை மூடிக்கொள்வான்.

"ஹால் டிக்கெட்டு வந்துகீது. வச்சிக்கினு இன்னா பண்றது?" என்றாள் அண்ணி. "இவன் வாயத் தொறந்தாதான் நான் பஸ் ஏற முடியும்."

"வாயை நான் திறக்க வைக்கிறேன்" என்றேன். தாவரவியல் பட்டம் வாங்கிவிட்டு எட்டு மாதமாக வீட்டில் இருக்கிறேன். யார் வாயையாவது திறந்தே ஆக வேண்டிய நிலையில்தான் நானும் இருந்தேன்.

முதல் தாளுக்குப் பதினாறு நாள் இருந்தது. தண்ணீர்த் தொட்டி மேட்டில் மட்டும்தான் எங்கள் ஊரில் சிக்னல் கிடைக்கும். அங்கே உட்கார்ந்து ஒரே மாலையில் பதினொரு வீடியோ பார்த்தேன். எல்லா வீடியோவிலும் ஒரே வெள்ளைச் சமையலறை, ஒரே மர மேஜை, கறை படாத சட்டையில் ஒரே மாதிரிச் சிரிக்கும் குழந்தை. எல்லோரும் சொன்ன விதி ஒன்றுதான்: ஒரு காயைக் கொடுத்தால் மூன்று நாள் அதையே கொடுக்க வேண்டும், ஒவ்வாமை இல்லையென்று தெரிந்தபிறகே அடுத்த காய். மூன்று நாள் வீதம் ஐந்து காய். பதினைந்து நாள். ஒரு நாள் திருப்புதலுக்கு. நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுப் பாடத்திட்டம் தயார் செய்தேன். எந்தப் பல்கலைக்கழகமும் இவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்காது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாடி எழுதற?"

"பையனுக்குச் சாப்பாட்டு அட்டவணைம்மா."

"உனக்கெல்லாம் சாமக் கஞ்சிய கொழச்சி குடுத்தேன். வளரலியா நீ?" என்றாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "வாயி மட்டும் கொஞ்சம் சாஸ்தியா வளந்துச்சி" என்றாள்.

அது புளி உலுக்கும் காலம். அண்ணன் விடிந்ததும் மரம் ஏறப் போய்விடுவான். அம்மாவும் அண்ணியும் வாசலில் குவித்த புளியை ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஊரில் எல்லா வாசலிலும் இதே குவியல், இதே வேலை. என்னையும் உட்காரச் சொன்னார்கள். குழந்தை உணவு தயாரிப்பவர் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஏழாவது வீடியோவில் ஒரு டாக்டர் சொல்வதைக் காட்டினேன். புளி வேலையிலிருந்து விலக்கு கிடைத்தது. அறிவியலால் எனக்குக் கிடைத்த முதல் பலன் அது.

முதல் பாடம் கேரட். இட்லிப் பானையில் ஆவியில் வேக வைத்து, மிக்ஸியில் போட்டு அடித்தேன். மின்சாரம் குறைவாக வந்ததால் மிக்ஸி அரைக்கவில்லை, முனகியது. அரைமணி நேரம் அதற்கு ஆறுதல் சொல்லி, பட்டுப் போன்ற ஆரஞ்சு நிறக் கூழ் எடுத்தேன். வீடியோவில் வந்ததைவிட அழகாக இருந்தது. கொடுப்பதற்கு முன் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெருமிதத்தால் அல்ல. முந்தின நாள் அதே ஜாரில் அம்மா காய்ந்த மிளகாய் அரைத்திருக்கிறாள். ஜாரை மூன்று தடவை கழுவியிருந்தேன். மூடி ரப்பருக்குள் ஒளிந்திருந்த காரத்தை யார் கண்டார்கள்? வெள்ளைச் சமையலறைக்காரர்கள் இந்த அத்தியாயத்தை எடுக்கவில்லை போல.

மிக்ஸியை விட்டேன். கடையில் புதிதாக ஒரு டீ வடிகட்டி வாங்கி, வெந்த கேரட்டைக் கரண்டி முதுகால் அதில் தேய்த்து எடுத்தேன். ஒரு கேரட்டுக்கு முக்கால் மணி நேரம். தோள்பட்டை இறங்கிவிட்டது. ஆனால் வந்தது அசல் ப்யூரி.

நோட்டில் எழுதியது இன்னும் இருக்கிறது. நாள் ஒன்று: கேரட், துப்பினான். நாள் இரண்டு: கேரட், துப்பினான். நாள் மூன்று: கேரட்டை எடுப்பதற்கு முன்பே, என்னைப் பார்த்ததும் துப்பினான்.

அடுத்த மூன்று நாள் பீன்ஸ். பச்சைக் கூழைப் பார்த்துவிட்டு அம்மா, "இன்னாடி இது, ஸ்கூல் செவுத்துக்கு அடிச்ச பெயிண்டு மாதிரி கீது" என்றாள். குழந்தையின் கருத்தும் அதுவே. மீந்த பீன்ஸ் கூழை அண்ணன் சாமைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, "கீரக் கடைசல் நல்லாத்தான் இருந்துச்சி, உப்புதான் பத்தல" என்றான். பதினாறு நாளில் என் சமையலைப் பற்றி வந்த ஒரே நல்ல வார்த்தை.

தினமும் முக்கால் மணி நேரம் தேய்ப்பதை மிச்சம் பிடிக்க, எட்டாவது வீடியோவின்படி ஒரேயடியாகச் செய்து ஐஸ் அச்சில் ஊற்றி உறைய வைக்கலாம் என்று தோன்றியது. எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. ரோட்டோரக் கடையில் ஐஸ்கிரீம் பெட்டி உண்டு. கடைக்கார மாமா பெருந்தன்மையோடு ஒரு மூலை ஒதுக்கிக் கொடுத்தார். மறுநாள் போனால் அச்சில் நான்கு குழி காலி.

"அத்த தெரியாம லெமன் ஜூஸ்ல போட்டுடுச்சிமா" என்றார் மாமா, மனைவியைக் கைகாட்டி. "தொலைநோக்கி பாக்க வந்தவங்க குடிச்சாங்க. மஞ்சளா கீதே, இது உங்க மலை ஸ்பெஷலான்னு கேட்டாங்க. ஆமாங்கன்னுட்டேன்."

அது பரங்கிக்காய். நகரத்தில் இருந்து வந்தவர்கள் அதை மனதாரக் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். என் அண்ணன் மகன் மட்டும் அதைத் தொட மறுக்கிறான்.

உண்மையில் என்னைப் படுத்தியது அதுகூட இல்லை. சாயந்திரம் அண்ணி புளிக் குவியலிலிருந்து எழுந்து வருவாள். கையைத் தண்ணீரில் நனைத்து முந்தானையில் துடைத்துக்கொள்வாள். அவனை மடியில் போட்டு, நான் காலையிலிருந்து கெஞ்சிக் கெஞ்சித் தோற்ற அதே கிண்ணத்தில் இரண்டு விரலை விட்டு வழித்து அவன் வாயில் வைப்பாள். அவன் விரலோடு சேர்த்து விழுங்குவான். அடுத்த வாய்க்கு அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பான். நான் பக்கத்தில் ரப்பர் ஸ்பூனோடு உட்கார்ந்திருப்பேன்.

"தாய்ப் பாசம்டி" என்பாள் அம்மா. "உன் வீடியோல அத சொல்லலியா?"

சொல்லவில்லை. ஆனால் பாசத்துக்கும் ஒரு காரணம் இருக்கும் அல்லவா? வாசனையாக இருக்கலாம் என்று ஊகித்தேன். ஒரு மதியம் அண்ணியின் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு, அவள் எண்ணெயைத் தலையில் தேய்த்து, அவளைப் போலவே காலை மடக்கி உட்கார்ந்து ஸ்பூனை நீட்டினேன். குழந்தை என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு சிரித்தான். சிரிக்கத் திறந்த வாயில் ஸ்பூனை நுழைத்தேன். துப்பிவிட்டு மறுபடி சிரித்தான். வாசலில் நின்ற அண்ணி, "மேடம், எனக்குப் பதிலா பரீட்ச எழுதவே நீ போலாம் போல கீதே" என்றாள்.

நான்கு நாள்தான் மிச்சம் இருந்தபோது அவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது. காலையில் புத்தகத்தைத் துணியில் சுற்றி அரிசி டிரம் மேல் வைத்தாள். ஹால் டிக்கெட்டும் உள்ளே.

"விடு. நான் போவல."

"அண்ணி, இன்னும் நாலு நாள் இருக்கு."

"நாலு நாளுல இன்னா மாறப்போவுது? நான் இல்லாத அன்னிக்கி புள்ள பட்டினி கெடந்து கத்துவான். அத நெனச்சிக்கினு நான் அங்க உக்காந்து இன்னாத்த எழுதறது?" என்றாள். குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு. "உன்னக் கொற சொல்லல. நீ எவ்ளோ பண்ணிட்ட."

கொஞ்சம் திட்டியிருக்கலாம். இரண்டு வாரமாக டீ வடிகட்டியில் தேய்த்தவளுக்கு அந்த நன்றிதான் தாங்க முடியாததாக இருந்தது. கோபத்தில் ஏதாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. வாசலில் அடிப்பதற்கென்றே ஒரு குவியல் கிடந்தது. போய் உட்கார்ந்து புளி ஓட்டைத் தட்ட ஆரம்பித்தேன். அம்மா தன் குவியலில் பாதியை என் பக்கம் தள்ளினாள். என் துயரத்தை இவ்வளவு சீக்கிரம் பயன்படுத்திக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அண்ணி குளிக்கப் போகுமுன் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டு அவனைப் பிடித்தேன். அவன் என் ஆள்காட்டி விரலைப் பிடித்தான். வாய்க்குக் கொண்டுபோனான். முகம் சுருங்கியது, ஒரு கண் மூடியது, உடம்பே ஒருமுறை சிலிர்த்தது. சரி, துப்பப்போகிறான் என்று விரலை இழுத்தேன். வீறிட்டான். விரலைக் கொடுத்தேன். நிறுத்தினான். இழுத்தேன். வீறிட்டான்.

அப்படியே அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி, காலையில் அவன் நிராகரித்த பரங்கிக்காய்க் கூழில் அதே விரலைத் தோய்த்து வாயில் வைத்தேன். விழுங்கினான். இன்னொரு வாய். விழுங்கினான். கிண்ணம் காலி.

அண்ணி ஈரத் தலையோடு வந்து நின்றாள். நான் மூச்சு வாங்கியபடி சொன்னேன்: "அண்ணி, அது பாசம் இல்ல. புளி! நீங்க நாள் பூரா புளியில கைய வெச்சிட்டு வந்து ஊட்டறீங்க. அவனுக்குச் சாப்பாடுன்னா புளிப்பு. நான் சோப்பு போட்டு ரெண்டு தடவ கழுவிட்டு ஊட்டறேன். அதான் துப்புறான்."

வீட்டிலேயே சுத்தமான கை என்னுடையது. பதிமூன்று நாளாக எங்கள் எல்லோரையும் தோற்கடித்ததும் அதுதான். வீடியோ டாக்டருக்குத் தெரியாது, எங்கள் ஊரில் இந்த மாதத்தில் புளி வாசனை இல்லாத கை என்றால் அது வெளியூர்க்காரர் கை என்று.

அண்ணி என் விரலைப் பார்த்தாள், காலிக் கிண்ணத்தைப் பார்த்தாள். "அப்ப அவன் இத்தினி நாளு என்னத் தேடலியா? புளியத்தான் தேடுனானா?" என்றாள். பாதி சிரிப்பு, பாதி உண்மையான வருத்தம். உண்மையைக் கண்டுபிடிக்கும்போது இப்படிச் சில சேதாரம் ஆகும் என்று எந்தப் பாடத்திலும் சொல்லித் தரவில்லை.

ஊர்ப்புழுதி படிந்த விரலை அப்படியே வாயில் வைத்தது தப்பு என்று உடனே உறைத்தது. தொட்டி மேட்டுக்குப் போய் கிராம நர்ஸ் அக்காவுக்குப் போன் செய்தேன். அவர் முதலில் திட்டினார், பிறகு சிரித்தார். "கைய நல்லா சோப்பு போட்டு கழுவித்தான் குடுக்கணும், அதுல மாத்தமே இல்ல. புளிய கொதிக்க வச்சி, வடிகட்டி, கூழுல ஒரு சொட்டு விடு, போதும். அதுக்கு மேல வேணாம். உப்பு, சக்கர எதுவும் போடாதமா" என்றார்.

அப்படியே செய்தேன். வெந்து மசித்த பரங்கிக்காய், அதில் ஒரு சொட்டுக் கொதித்த புளித் தண்ணீர். சோப்பு போட்ட கை. முதல் வாயில் முகம் சுருக்கினான், ஒரு கண் மூடினான், விழுங்கினான். அம்மா கிண்ணத்தை வாங்கி மோந்து பார்த்தாள். நாக்கில் ஒரு துளி வைத்தாள்.

"ஏண்டி, இது பரங்கிக்கா புளிக்கொழம்பு. மொளகா போடல, உப்பு போடல, அவ்ளோதான். இதக் கண்டுபுடிக்கவாடி ரெண்டு வாரமா வூட்ல யாரையும் தூங்க வுடாம பண்ண?"

வெளிநாட்டுப் பாக்கெட்டிலிருந்து புறப்பட்டு என் அம்மாவின் குழம்புச் சட்டியில் வந்து சேர்ந்திருந்தேன். வழியெல்லாம் டீ வடிகட்டியைத் தூக்கிக்கொண்டு.

அரிசி டிரம்மின் மேலிருந்த துணி மூட்டையை அன்றே அண்ணி அவிழ்த்தாள்.

தேர்வு நாளில் இருட்டோடு எழுந்து அவனுக்குப் பால் கொடுத்து, ஒரு டம்ளர் கறந்து வைத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி பஸ் ஏறினாள். ஒன்பது மணிக்கு முதல் கிண்ணம்: முழுசும் இறங்கியது. பதினொன்றரைக்கு அழ ஆரம்பித்தான். புளி, பரங்கிக்காய், ஸ்பூன், என் பட்டம் எதுவும் எடுபடவில்லை. அம்மா தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள். அரைமணி நேரம் கழித்துக் களைத்துப்போய்ப் பாலாடையில் பாலைக் கொஞ்சம் குடித்தான், கொஞ்சம் துப்பினான். குடித்தது அதிகம் என்று நான் சொல்கிறேன். துப்பியது அதிகம் என்று அம்மா சொல்கிறாள்.

ஒரு மணிக்கு இரண்டாவது கிண்ணமும் இறங்கியது. ஒன்றரை மணிக்கு அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு தொட்டி மேட்டுக்குப் போனேன். சொல்லி வைத்தபடி போன் வந்தது.

"தின்னானா?"

"ரெண்டு கிண்ணம் அண்ணி. பாலும் குடிச்சான். பரீட்சை எப்படி?"

"அது கெடக்குது, எழுதிட்டேன். எனக்குத்தான் மாருல பாலு கட்டிக்கினு உயிர் போவுது. அழுதானா?"

"அரைமணி நேரம்."

"அரைமணி நேரந்தானா?" என்றாள். அந்தக் குரலில் இருந்த ஏமாற்றத்தை நான் கேட்காத மாதிரி, "முக்கால் மணி நேரம் இருக்கும்" என்று திருத்திக்கொண்டேன். "ம்" என்றாள். கொஞ்சம் தெம்பு வந்த மாதிரி இருந்தது.

இரண்டாவது தாள் அடுத்த சனிக்கிழமை. அதே சனிக்கிழமை காலை எனக்கு வேலூரில் ஒரு நேர்காணல். எட்டு மாதமாகக் காத்திருந்த அழைப்பு, வேறு நாளே கிடைக்கவில்லை போல. அன்று முழுக்க அம்மா புளி ஏற்றும் வண்டிக்குக் காவல். மீதி இருப்பது அண்ணன் ஒருவன்தான்.

நேற்று இரவு சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னோம். அவன் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"எனக்கு அதெல்லாம் வராது."

"நாப்பதடி மரத்துல ஏறி கெளைய உலுக்க வருது, ஒரு வாயி ஊட்ட வராதா?" என்றாள் அண்ணி.

"மரம் அழுவாதே" என்றான் அவன்.

"இன்னும் ஆறு நாளு கீது, மேடம் சொல்லிக் குடுக்கும்" என்று அண்ணி என் பக்கம் கைகாட்டினாள். ஹால் டிக்கெட்டை எடுத்து அண்ணன் சட்டைப்பையில் வைத்தாள். "இது உன்கிட்டயே இருக்கட்டும். நான் போவணுமா வேணாமான்னு நீயே சொல்லு."

அவன் அதை எடுத்துத் திருப்பிக் கொடுக்கவில்லை. அது போதும் எனக்கு. நோட்டில் புதுப் பக்கம் திருப்பிக் கோடு போட்டிருக்கிறேன். நாளைக் காலை ஆறரைக்கு, மரத்துக்குக் கிளம்புமுன், அண்ணனுக்கு முதல் வகுப்பு. பீட்ரூட்டை வேக வைத்து மசிப்பது. வீட்டில் தீப்பெட்டி எங்கே இருக்கும் என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.